ராசா எழும்புறான் இல்லை

போன சனிக்கிழமை காலை, எங்கள் வீட்டு ஓணான் செத்துவிட்டது என்று முடிவுகட்டினேன்.

சிரிக்காதீர்கள். இது வேலியில் ஓடுகிற ஓணான் இல்லை. ஆஸ்திரேலியப் பாலைவனத்துச் சாதி. கழுத்தில் முள்ளு முள்ளாகத் தாடி வைத்த பெரிய மனிதர். பள்ளியில் படிக்கும்போது மகன் நிரோஷன் ஆசைப்பட்டு வாங்கியது. அவன் பல்கலைக்கழகம் என்று லீட்ஸுக்குப் போனபோது கண்ணாடித் தொட்டி, வெப்ப விளக்கு, தீனிப் பூச்சி எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனான்.

அவன் வைத்தது ஏதோ ஆங்கிலப் பெயர். என் வாயில் நிற்கவில்லை. 'ராசா' என்று கூப்பிட ஆரம்பித்தேன். மகனைக் கூப்பிட்ட சொல்தான்... அவன் போனபிறகு வீட்டில் அதற்கு வேலை இல்லாமல் கிடந்தது.

இந்த ஓணான்கள் குளிர்காலத்தில் தூங்கும். வாரக்கணக்கில்! சாப்பாடு இல்லை, அசைவு இல்லை. வசந்தம் நெருங்கும்போது விளக்கு எரியும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் தானாக எழும்பும், பயப்பட வேண்டாம் என்று நிரோஷன் சொல்லியிருந்தான். பயப்பட வேண்டாம் என்று என்னிடம் சொல்லி என்ன பயன்? அவன் வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைத் தவிர வேறு பதில் அனுப்பாத நாட்களில் எனக்குச் சோறே இறங்குவதில்லை.

அன்று காலை தொட்டிக்குள் கையை விட்டுத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. நிறமும் சாம்பல். மனைவி மருத்துவமனையில், ஷிப்டில். மகனுக்கு என்னவென்று சொல்வேன்? என்னை நம்பி அவன் விட்டுப்போன ஓர் உயிர். அதைக் கொன்றுவிட்டேனா? குரோய்டனில் இருக்கும் அக்காவுக்கு ஃபோன் அடித்தேன்.

"அக்கா, ராசா எழும்புறான் இல்லை. உடம்பு சில்லெண்டு கிடக்கு."

அக்கா மெதுவாக, "அம்புலன்சுக்கு அடிச்சனியோ?"

"இதுக்கெல்லாம் அம்புலன்ஸ் வராதக்கா."

"நீயெல்லாம் ஒரு தகப்பனோ?"

ஃபோன் வெட்டுப்பட்டது. அக்காவுக்குப் பிராணிகள்மேல் இத்தனை பாசமா என்று வியந்துகொண்டு நின்றேன் — அவ்வளவுதான் என் மூளை அப்போது வேலை செய்தது.

அத்தான் எப்படித்தான் கார் ஓட்டினாரோ, கொஞ்ச நேரத்தில் ஸ்ட்ரெதமில் எங்கள் வாசலில் நின்றார்கள். அக்காவின் கையில் செபமாலை. காலில் வீட்டுச் செருப்பு. என்னைத் தள்ளிக்கொண்டு படியேறி நிரோஷனின் அறைக்குள் போனாள். வெறும் கட்டில்.

"பிள்ளை எங்க?"

நான் கண்ணாடித் தொட்டியைக் காட்டினேன்.

அப்போதுதான் இருவருக்கும் விளங்கியது. மகன் வார இறுதிக்கு வந்திருக்கிறான், அவனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து வந்திருக்கிறாள். கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு எழும்பி என் தோளில் ஓங்கி ஒன்று போட்டாள். வலித்தது. ஆனால் என்னை உலுக்கியது அடி இல்லை... அவள் காரில் வரும் வழியெல்லாம் எதைக் கண்முன் பார்த்துக்கொண்டு வந்தாள் என்ற நினைப்பு.

அதற்குள் காரியம் கைமீறியிருந்தது. வரும் வழியில் அக்கா பங்குக் கோயிலின் வாட்ஸ்அப் செபக்குழுவுக்குச் செய்தி போட்டிருந்தாள்: தம்பியின்ர மகன் ராசாவுக்காகச் செபியுங்கோ. தெற்கு லண்டன் முழுக்கச் செபமாலை உருண்டுகொண்டிருந்தது.

அந்த நேரம் என் ஃபோன் அடித்தது. வாரக்கணக்கில் குரலே காட்டாத மகன்.

"அப்பா, எனக்கு என்ன நடந்தது? ஆரோ ஒரு அன்ரி வாய்ஸ் மெசேஜில அழுறா."

உண்மையைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. வீடியோவைப் போட்டு ஓணானின் விலாப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னான். விளக்கு எப்போது போட்டது என்று கேட்டான். இன்றைக்கு இன்னும் போடவில்லை என்றேன்.

"அப்பா... அது குளிர் ரத்தப் பிராணி. லைட் போடாட்டி சில்லெண்டுதானே இருக்கும்."

அக்கா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தாள். ஓணானின் விலாவையே நெடுநேரம் பார்த்தாள்.

"அசையுது," என்றாள்.

விளக்கைப் போட்டோம். நாங்கள் மூவரும் தொட்டிக்கு முன்னால். லீட்ஸிலிருந்து நான்காவது முகம் ஃபோனில். சூடு ஏற ஏறச் சாம்பல் நிறம் மஞ்சளாக வெளுத்தது. முன்கால் ஒன்று நீண்டது. பிறகு ஒரு கண் — ஒன்றே ஒன்று — திறந்து எங்களைப் பார்த்தது. எதற்கு இத்தனை பேர் என்பதுபோல.

அக்கா உடனே குசினிக்குப் புறப்பட்டாள். பிள்ளை பசியோடு எழும்பியிருக்கிறதாம். "நோ மாமி," என்று ஃபோன் கத்தியது. முதலில் சூடு. பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரில் முழங்கால் நனைய இருத்தி வைத்தால் தானே குடிக்கும். சாப்பாடு பிறகுதான், அதுவும் அது கேட்டால். எழும்பின பிள்ளைக்கு வெறும் தண்ணியோ என்று அக்கா முணுமுணுத்தாள். நானும் அவள் கட்சிதான். ஆனால் ராசா குடித்தது.

நம் ஆட்களுக்கு ஒரு குணம். பேசாமல் இருந்தால் கோபம், படுத்திருந்தால் வருத்தம், ஃபோன் எடுக்காவிட்டால் விபத்து. பிள்ளை சும்மா தன்பாட்டில் இருக்கலாம் என்பது மட்டும் நமக்குத் தோன்றவே தோன்றாது. குனிந்து கொஞ்ச நேரம் விலாவைப் பார்த்தால் போதும். மூச்சு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

நிரோஷன் இந்த வாரம் வருகிறானாம். ஓணானைப் பார்க்கத்தான், வேறு ஒன்றுக்கும் இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டான். போகட்டும்.

செபக்குழுவில் ராசாவுக்கு எப்படி என்று கேட்டிருந்தார்கள். எழும்பிவிட்டான், தண்ணீர் குடிக்கிறான் என்று உண்மையைத்தான் எழுதினேன். உடனே பதில் வந்தது: ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ.