யாருடைய பீரங்கிக்கு இந்த வளையம்

கேன்டீன் மேசையில், சாம்பார் சாதத் தட்டுக்குப் பக்கத்தில், ஓர் எஃகு வளையம். எங்கள் இன்சார்ஜ் மேடத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான். ஒரகடம் பக்கத்தில் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவுக்கு அவர் பொறுப்பாளர். நான் அவருக்குக் கீழே புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர். எந்தப் புதுப் பாகமானாலும் அது எதில் பொருந்தும், எதை உரசும் என்று தெரியாமல் மேடம் கையெழுத்துப் போட மாட்டார். "எங்க உக்காரும்னே தெரியாம நல்லா கீதுன்னு எப்டிப்பா சொல்றது?" என்பார். வெளிநாட்டு ஆர்டராக அந்த வளையம் வந்தபோதும், வீடியோ காலில் எதிர்முனையில் இருந்த இன்ஜினியரிடம் வழக்கம்போல அதையே கேட்டுவைத்தார். அந்த மனிதரும் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார்: சுடும்போது பீரங்கிக் குழாய் பின்னால் உதைக்குமே, அந்த உதையைத் தாங்கும் இடத்தில். எந்த நாட்டு ராணுவத்துக்கு என்பதையும் சேர்த்தே சொன்னார். அந்த நாட்டின் போர்தான் அப்போது எங்கள் கேன்டீன் டி.வி.யில் தினமும் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் பிளான்ட் ஹெட் தேவையில்லாமல் இருமினார்.

தெரியாமலே இருந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. தெரிந்துவிட்டதே! மேடத்தின் கையெழுத்து இல்லாமல் பாகம் வெளியே போகாது. ஆர்டர் கைவிட்டுப் போனால் இரண்டாவது ஷிஃப்டை மூடிவிடுவார்கள், கான்ட்ராக்ட் ஆட்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அன்று மதியமே லைனில் வேலை செய்த ஒருவர் சாப்பாட்டுத் தட்டோடு எதிரில் வந்து உட்கார்ந்தார். "மேடம், எங்கியோ எவனோ அட்ச்சிக்கிறான். அதுக்கு நம்ம ஷிஃப்டு இன்னா பாவம் பண்ணிச்சு?" மேடத்துக்குக் கோபம் வரவில்லை. வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "அதான் யாரு யாரை இன்னாத்துக்கு அடிக்கிறாங்கன்னு பாக்கணும்ல, அண்ணே" என்றார். வந்தவர் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போனார்.

நான் அப்போது ரொம்ப நல்லவன். ஆயுதம் என்றாலே பாவம், தொடவே கூடாது என்று மேடத்திடம் நீட்டி முழக்கினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிப்பா, வூட்டுக்குள்ள ஒருத்தன் பூந்து அடிக்கிறான். அந்த வூட்டுக்காரன் இன்னா பண்ணணும்?" என்றார். இடித்துக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை, உண்மையிலேயே பதில் வேண்டித்தான் கேட்டார். என்னிடம் கிடைக்காது என்று தெரிந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனார். அங்கே செக்யூரிட்டிக்குத் தலைவராக, ராணுவத்தில் எல்லையில் நின்று ஓய்வுபெற்ற ஒருவர் இருந்தார். எங்கள் எல்லோருக்கும் அவர் சுபேதார் சார். ஒரு சண்டை நியாயமா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று மேடம் கேட்க, முதலில் சிரித்தார். "எங்களுக்கு ஆர்டர் மேடம். நாங்க எங்க கண்டுபிடிச்சோம்?" பிறகு, லாரி ஒன்றை உள்ளே அனுப்பிவிட்டு வந்து, தானாகவே சொன்னார். "பூந்தவனை வெளிய தள்றது தப்பே கெடையாது. தள்ளிட்டப்புறம் தொரத்திக்கினு போயி அவன் தெருவுல கீறவனையெல்லாம் அடிக்கிறாங்க பாருங்க, அங்கதான் கொழப்பம்."

வளையம் வாங்கும் நாட்டுக்குள்தான் பக்கத்து நாட்டுப் படை புகுந்திருந்தது. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. மேடம் ஒரு வாரம் செய்தி படித்தார், இரு தரப்புச் செய்தியையும் படித்தார், கையெழுத்துப் போட்டார். ஆனால் மொத்த ஆர்டருக்கும் சேர்த்துப் போட மாட்டேன், ஒவ்வொரு முறை அனுப்பும் லாட்டுக்கும் தனித்தனியாகத்தான் போடுவேன் என்றார். பிளான்ட் ஹெட் தலையில் அடித்துக்கொண்டார். "மொதல் பீஸ் நல்லா வந்துச்சுன்னு கடைசி பீஸைப் பாக்காம வுடறோமா சார்? பீஸ் அடிக்கிற டை தேயுதுல்ல. சண்டைல கீற நியாயமும் தேயும்" என்றார் மேடம். போரை இப்படிப் பார்க்கலாம் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. ஆரம்பித்தவன் யார் என்று கேட்டு முடிவு கட்டுவதோடு விஷயம் முடிந்துவிடும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

இரண்டாவது ஷிஃப்ட் ஓடியது, லாட் லாட்டாக வளையம் போனது. சில மாதங்கள் கழித்து ஒரு மதியம், டி.வி.யில் ஒரு சந்தையைக் காட்டினார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், புகுந்தவர்கள் நாட்டுச் சந்தை. வெங்காய மூட்டைகள் பிரிந்து கிடந்தன, பக்கத்தில் மனிதர்களும் கிடந்தார்கள். நாங்கள் சுடவில்லை என்று முதலில் சொன்ன, எங்களிடம் வளையம் வாங்கும் நாடு, சில நாளில், எங்கள் பீரங்கிதான் என்று ஒப்புக்கொண்டது. மறுநாள் காலை மேடம், அனுப்பத் தயாராக இருந்த லாட்டின் மேல் சிவப்பு அட்டையை மாட்டி நிறுத்திவைத்தார். பிளான்ட் ஹெட் கத்தியது ஷெட் முழுக்கக் கேட்டது. லைன் ஆட்கள் மேடத்தோடு பேசுவதை நிறுத்தினார்கள். சுபேதாரும்கூட அவர் பக்கம் நிற்கவில்லை. "இது போகாம அவங்க பீரங்கி நின்னு, பூந்தவன் மறுபடி பூந்துட்டான்னா? அது யார் தலைல விடியும் மேடம்?" மேடம் முகம் வாடிவிட்டது. "அதுவும் நடக்கலாம் சார். எனக்குத் தெரியல" என்றார். ஆனாலும் அட்டையை எடுக்கவில்லை. அன்றைக்குப் போல அவரை நான் என்றும் மதித்ததில்லை. ஹெட் ஆபீஸிலிருந்து வேறொருவர் வந்து கையெழுத்திட, லாட் போய்விட்டது. மேடத்தை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாளில் அவர் மறைமலை நகர்ப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

இப்போது நானே வேறொரு கம்பெனியில் இன்சார்ஜ். இன்னொரு மூலையில் இன்னொரு போர். கம்பெனி பஸ்ஸில் எல்லோர் கையிலும் செல்போன். பஸ் தண்டலம் தாண்டுவதற்குள் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பாகிவிடுகிறது. அவ்வளவு வேகம் எனக்கு வரவில்லை.

போன மாதம் குன்றத்தூரில், மலைக்கோயில் படிக்கட்டுக்குக் கீழே மேடத்தைப் பார்த்தேன். முடி நரைத்திருந்தது. மற்றபடி அதே குரல், அதே "இன்னாப்பா". பழம் வாங்கிக்கொண்டே பழைய கதை பேசினோம். அந்த லாட்டை நிறுத்தியது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறீர்களா என்று, இத்தனை வருடம் மனசுக்குள் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

மேடம் பைக்குள் பழத்தை அடுக்கிக்கொண்டிருந்தார். "எல்லாரும் அதையேதான் கேக்கறீங்க. நிறுத்தின லாட்டைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்றார். "அந்தச் சந்தையைச் சுட்டுதே ஒரு பீரங்கி, அதுல இருந்த வளையம் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினதா இருக்குமா? அதை மட்டும் ஒருத்தரும் கேக்க மாட்றீங்களே."