எந்த ஆள் என்று கேட்டார்கள்

மலாக்காவின் காஜா பேராங்கில் எங்கள் வாடகை வீட்டுக்கு அடுத்தது கமலவேணியின் வீடு. அவர் மலாக்கா செட்டி; எப்போதோ வியாபாரத்துக்கு வந்து மலாய்ப் பெண்களைக் கட்டிக்கொண்ட தமிழர்களின் வழிவந்தவர். நெற்றியில் திருநீறு இருக்கும். வாசல் நிலையில் வருடம் முழுவதும் மாவிலை தொங்கும். ஆனால் உடுத்துவது மலாய்ப் பெண்களின் சாரோங் கெபாயா, பேசுவது மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்தது சாமிப் பெயர்களும் சில உறவுப் பெயர்களும்தான். நான் அவரைக் ‘காக் வேணி’ என்பேன். காக் என்றால் அக்கா.

ரப்பர் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய பெண்கள் குழாயடியில் அவரை ‘மலாய்ச்சி’ என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். அவர் எங்களை ‘ஓராங் கெலிங்’ என்பார்; தென்னிந்தியர்களுக்கு மலாயில் இருந்த பழைய பெயர் அது. தன்னையும் அப்படித்தான் சொல்லிக்கொள்வார். இன்று அந்தச் சொல்லை யாராவது சொன்னால் சண்டை வரும். அன்று மலாக்காவில் ஊர்ப்பகுதிக்கும் பள்ளிவாசலுக்கும் அதுதான் பெயர். அப்பாவுக்கு அந்தச் சொல் பிடிக்காது. வேலையிடத்தில் யாராவது சொன்னால் அன்றைக்கெல்லாம் சாப்பிட மாட்டார். காக் வேணி குழம்புக் கிண்ணத்தோடு வந்து சொன்னால் மட்டும் பேசாமல் வாங்கிக்கொள்வார்.

ஜப்பான்காரன் வந்ததும் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். நான் அப்புறம் போகவில்லை. வீட்டில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். சீனர்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ‘இந்தியர்’ என்று சொன்னால் விட்டுவிடுகிறான் என்று பேச்சு பரவியது. இந்தியர் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக வந்தவர் நல்லையா, தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். எவ்வளவு வெயிலிலும் அவர் சட்டை கசங்காது.

“யம்மா, அந்த கெலிங் பேச்ச இன்னையோட விட்டுருங்க. நம்மள மட்டம் தட்டுறதுக்குச் சொல்றது அது. நம்ம எல்லாரும் இந்தியர்” என்று காக் வேணியிடம் சொன்னார்.

அம்மா அதைக் காக் வேணிக்கு மலாயில் சொன்னார்.

“இந்தியாவா? நான் போனதே இல்லையே, அன்னம்” என்றார் காக் வேணி.

நல்லையா அம்மாவிடம் தமிழில் முணுமுணுத்தார். “சேலை கட்டத் தெரியாது, தமிழ் தெரியாது. இவங்கள எதுல சேர்க்கறதுன்னே வெளங்கல.”

காக் வேணியின் கணவர் ராஜரத்தினம் வாசலில் நாற்காலி ஒன்றுக்குக் கால் பொருத்திக்கொண்டிருந்தார். பேச்சு புரியாவிட்டாலும் குரல் புரிந்தது. “என்னை எதோடு அடைக்கப் போகிறாராம்? கோழியோடா, வாத்தோடா?” என்று மலாயில் கேட்டார். அம்மா சிரித்துவிட்டார். நல்லையா சிரிக்கவில்லை.

அடுத்த வருடம் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். முதலில் தோட்டங்கள் காலியாயின. பிறகு டவுனுக்கு வந்தார்கள். தமிழர்களைத்தான் அதிகம் தேடினார்கள். எங்களைக் காப்பாற்றிய சொல்லே இப்போது லாரியில் ஏற்றியது. அப்பா தண்ணீர்க் குழாய் வேலையில் இருந்தார். அந்த வேலை ஜப்பான்காரனுக்கும் தேவைப்பட்டதால் விட்டுவைத்தார்கள். ராஜரத்தினத்துக்கு அப்படி எதுவும் இல்லை.

“வேணி, யாராச்சும் வந்து கேட்டா உன் வீட்டுக்காரர் மலாய்க்காரர்னு சொல்லிடு. உன் உடுப்பு, உன் பேச்சு, யாரு சந்தேகப்படப் போறா? அந்த மாவிலைய மட்டும் கழட்டிரு” என்று அம்மா மலாயில் சொன்னார்.

காக் வேணி கழற்றினார். ராஜரத்தினம் எங்கிருந்தோ மலாய்க்காரர்கள் வைக்கும் சொங்கோக் தொப்பி ஒன்று வாங்கி வந்து தலையில் வைத்துக்கொண்டு, “இப்போது நான் யார்?” என்று என்னிடம் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. காக் வேணி உள்ளே போய்விட்டார்.

வருட நடுவில் பழப் பார்ச்சு வந்தது. செட்டிகள் இறந்தவர்களுக்குப் படைக்கும் நாள் அது. வாழையிலையில் சோறும் பழமும் பரப்பி, சாம்பிராணி போட்டு, போனவர்களைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருப்பார்கள். உள்ளே அவர்கள் சாப்பிடுகிறார்கள் என்பது நம்பிக்கை. அந்த வருடம் அரிசி இல்லை. மரவள்ளியும் ரம்புத்தானும்தான். ஆனாலும் காலையில் காக் வேணி புது மாவிலை கட்டினார்.

“இப்ப எதுக்கு இது? வேணாம்” என்று அம்மா வேலிக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னார்.

“வீடு எதுவென்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?” என்றார் அவர்.

கதவு சாத்தியிருந்த நேரத்தில் லாரி வந்து நின்றது. ஒரு மலாய்ப் போலீஸ்காரரும் இரண்டு ஜப்பான் சிப்பாய்களும் இறங்கினார்கள். ராஜரத்தினம் வேட்டியோடு வாசலில் நின்றார். தொப்பி உள்ளே இருந்தது. போலீஸ்காரர் மாவிலையைப் பார்த்தார், கெபாயாவைப் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

“காக், உங்கள் வீட்டுக்காரர் எந்த ஆள்? மலாய்க்காரரா, கெலிங்கா?” என்று கேட்டார். அவர் குரலில் மிரட்டல் இல்லை. இன்ன பதிலைச் சொல் என்று அவரே எடுத்துக்கொடுப்பது போலிருந்தது.

ஜன்னலருகே அம்மா என் தோளை அழுத்திக்கொண்டு, “மலாய்னு சொல்லு, மலாய்னு சொல்லு” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

காக் வேணி சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார். “கெலிங், ஐயா” என்றார்.

போலீஸ்காரர் ராஜரத்தினத்தின் கையைப் பிடித்து லாரியில் ஏற்றினார்.

“ஏன்டி இப்படிப் பண்ணினே?” என்று அம்மா ஓடிப்போய்க் கத்தினார்.

“உள்ளே அவருடைய அப்பா, பாட்டனார் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அன்னம். இவர் உங்கள் பிள்ளை இல்லை என்று அவர்கள் காது கேட்க எப்படிச் சொல்வேன்?”

சாயங்காலம் நல்லையா வந்தார். “கெலிங்னா சொன்னீங்க? இந்தியர்னு சொல்லியிருந்தா நான் சங்கத்துல பேசிப் பாத்திருப்பேனே” என்றார். அவருடைய மச்சான் இந்தியர் என்று சொல்லித்தான் முந்திய லாரியில் போயிருந்தான். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் சட்டை கசங்கியிருந்தது.

சண்டை முடிந்த பிறகு சயாமிலிருந்து திரும்பிய சுப்புராமன் என்ற தோட்டத்து ஆள், வீட்டை விசாரித்துக்கொண்டு பத்து பெரெண்டாம் என்ற ஊரிலிருந்து நடந்தே வந்தார். காலெல்லாம் புண். காக் வேணி காப்பி வைத்தார். சுப்புராமன் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா மலாயில் சொன்னார்.

“ஒங்க வீட்டுக்காரரு மொதல்ல எங்க கொட்டாய்லதான் இருந்தாரு. தமிழ் வரல. எங்காளுங்களே ‘ஏ மலாய்க்காரா’ன்னுதான் கூப்பிட்டோம். சும்மா கேலிக்குத்தாம்மா. அதக் கேட்டுட்டு கங்காணி அவர மலாய்க்காரங்க கொட்டாய்க்கு மாத்திட்டான். அங்க காலரா, அதுலயே போய்ட்டாரு. அவங்க கொறையில்லாமத்தான் செஞ்சாங்க. ஓதித்தான் பொதைச்சாங்க.”

“தான் யார் என்று அவர் சொல்லவில்லையா?” என்று காக் வேணி கேட்டார்.

“சொன்னாரும்மா. அங்க யாரு கேட்டா?”

காக் வேணி காப்பிக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார். ஆறுவதற்குள் குடிக்கச் சொன்னார். அவர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்துவிட்டு, அவரை எந்தத் துணியில் சுற்றிப் புதைத்தார்கள் என்று கேட்டார்.