மோட்டாரைக் குறைத்த ஸ்டெல்லா மேடம்

குக்கர் விசிலுக்கு நடுவே போன் வந்தது. ஸ்டெல்லா மேடம் தூக்கத்திலேயே போய்விட்டாராம். "எந்த ஸ்டெல்லா?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஸ்டெல்லாதான். அடுப்பை அணைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து அழுதேன்.

கோவையில் அவருடைய தெரபி அறைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த அம்மாக்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. என் மகள் மித்ராவுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். வலது கை இறுக மூடியே இருக்கும். எதையாவது பிடித்தால் விட வராது. கருமத்தம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வருவோம். மேடம் அந்த முஷ்டியை விரலால் தட்டுவார். "ஏனுங்க, ஊட்டுல ஆரு இருக்கறீங்க? கதவத் தொறங்க!" மித்ரா கெக்கலிப்பாள். பிறகு ரோபோ கையுறையை மாட்டுவார். அதன் மோட்டார் விரல்களை விரிக்க உதவும். விரிந்தால் எதிரே கணினித் திரையில் பலூன் பறக்கும்.

ஒருநாள் எல்லாப் பலூன்களும் பறந்தன. நான் ஓடிப்போய் மைசூர்பாகு வாங்கி வந்து அறை முழுக்கக் கொடுத்தேன். மேடம் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "ஸ்வீட்டு நல்லா இருக்குதுங்க அம்மணி. ஆனா ஜெயிச்சது மிசினுங்க. பாப்பா கை தூங்கிட்டு இருக்குது" என்றார். சொன்ன கையோடு மோட்டாரின் உதவியைக் குறைத்தார். ஒரு பலூன்கூடப் பறக்கவில்லை. மித்ரா உதட்டைப் பிதுக்கினாள். எனக்கு வந்ததே கோபம்! "புள்ளைய அழ வெச்சுத்தான் பாக்கோணுமாங்க?" என்று கத்தினேன்.

"அழுவட்டுங்க, நானுந்தான் கூட இருக்கறனே" என்றார். "நாம பாவம் பாத்து விரலப் பிரிச்சுபோட்டா, அது எப்பத்தானுங்க தானாத் தொறக்கும்?"

மாதங்கள் போகப்போக மோட்டாரை இன்னும் குறைத்தார். நான் முறைப்பேன், அவர் சிரிப்பார். இப்படித்தான் சிநேகிதிகளானோம்.

அடக்கத்தன்று எல்லோரும் குழியில் ஒரு பிடி மண் போட்டார்கள். மித்ரா வலது கையால்தான் அள்ளினாள். நீட்டினாள். கை திறக்கவில்லை. பின்னால் வரிசை நின்றது. "பாவம், பிரிச்சு உடுங்கம்மா" என்றார் ஒருவர். எனக்குக் கை பரபரத்தது.

"அவளே உடுவாளுங்க" என்றேன்.

ஃபாதரும் காத்திருந்தார். சுண்டுவிரல் அசைந்தது. பிறகு மற்ற விரல்களும் மெல்ல விரிந்தன. மண் விழுந்தது.

மேடம், உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்: பிள்ளையின் பக்கத்திலேயே, தொடாமல் நிற்பது. பெற்றவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.