கரிவலத்துக் காற்றுக்கம்பம்

சங்கரன்கோவிலில் விசைத்தறி வைத்திருந்த சங்கரபாண்டியனின் மூத்த மகள் தங்கத்தாய், இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு மதுரையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். தறிச் சத்தத்துக்கு நடுவே படித்து வளர்ந்ததால் எப்போதும் உரக்கப் பேசுவாள். பிடித்த பிடியை லேசில் விடமாட்டாள். என்ன ஆராய்ச்சி என்று யாராவது கேட்டால், “ஒரு பன உசரத்துக்குள்ள காத்து என்ன பண்ணுதுன்னு பாக்கேன்” என்பாள். கேட்டவர்கள் அதற்கு மேல் கேட்பதில்லை.

வெயிலில் காய்ந்த நிலம் தன்மேல் கிடக்கும் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே எழும், குளிர்ந்தது இறங்கும். குறுக்கே வீசும் காற்று இரண்டையும் கலக்கிப் பெரிதும் சிறிதுமாகச் சுழல்களை உண்டாக்கும். தரையின் சூடும் ஈரமும் இந்தக் கொந்தளிப்பு வழியாகத்தான் மேலே போகின்றன. எவ்வளவு போகிறது என்று தெரிந்தால் மேகத்தையும் மழையையும் பற்றிய கணக்குகள் கொஞ்சம் உருப்படும். தங்கத்தாய் படித்த கட்டுரைகளில் இருந்த அளவுகளெல்லாம் வெளிநாட்டுப் புல்வெளிகளில் எடுத்தவை. வெடித்துக் கிடக்கும் கரிசலில் யாரும் அளந்ததாக அவள் கண்ணில் படவில்லை.

பேராசிரியர் வளாகத்துக்குள்ளேயே கம்பம் நடச் சொன்னார். அவள் மறுத்தாள். ஆனி ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று தன் ஊர்ப்பக்கத்துக் கரிசலில் மோதுவதைப் போல வேறெங்கும் கிடைக்காது என்று மாதக்கணக்கில் வாதாடி, எண்பத்திரண்டாம் வருஷம் கரிவலம்வந்தநல்லூரில் மூக்காண்டி என்ற சம்சாரியின் பயிர் வைக்காத தரிசில் இரும்புக் கம்பத்தை நட்டாள். அதில் காற்றின் வேகத்தை அளக்க மூன்று உயரங்களில் கிண்ணம் வைத்த காற்றாடிகள் இருந்தன. நடுவில், வெப்பம் நொடிக்கு நொடி மாறுவதைப் பிடிக்க, தலைமுடியைவிட மெல்லிய ஒரு கம்பி. கீழே தகரக் கொட்டகையில், ஓடும் காகிதத்தில் பேனா முள்ளால் கோடு இழுக்கும் ஒரு கருவி.

அவளுக்கு வேண்டியவை இரண்டு. காய்ந்த நிலம் என்ன செய்கிறது என்பது ஒன்று. முதல் மழை விழுந்ததும் அதே நிலம் எப்படி மாறுகிறது என்பது மற்றொன்று. இரண்டையும் ஒப்பிட்டால்தான் ஆராய்ச்சி.

முதல் மாதத்திலேயே வதைபட ஆரம்பித்தாள். மெல்லிய கம்பிமேல் கரிச்சான் குருவி உட்கார்ந்தது, அறுந்தது. புதிதாகப் பற்றவைத்து ஏற்றினாள். மறுபடியும் உட்கார்ந்தது. பேனா முள்ளில் புழுதி அடைத்தது. பேட்டரியைச் சங்கரன்கோவிலில் ரேடியோக் கடை வைத்திருந்த மம்மது பாய் சார்ஜ் ஏற்றிக் கொடுப்பார். ஊரில் கரண்ட் இல்லாத நாளில் அதுவும் இல்லை. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊரே கோயிலைச் சுற்றி நிற்க, அவள் கரிசல் காட்டில் கம்பத்தை இழுத்து நிறுத்தும் இழுகம்பி அறுந்துபோக அதைக் கையில் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள். எந்தக் காற்றுக்காக வந்தாளோ அந்தக் காற்றே கம்பத்தைச் சாய்க்கப் பார்த்தது.

மதுரைக்குப் போய்க் காகிதச் சுருளை விரித்தபோது பேராசிரியர், “நடுநடுவுல ஓட்டையா இருக்கேம்மா” என்றார்.

“ஓட்டைக்கு நடுவுல இருக்கிறதப் பாருங்க சார்” என்றாள் அவள். அவர் பார்க்கவில்லை.

எப்படியோ புரட்டாசிக்குள் வறண்ட நிலத்தின் அளவுகள் ஓரளவு சேர்ந்துவிட்டன. இனி மழைதான் வரவேண்டும். ஊரும் அதற்குத்தான் காத்திருந்தது. பருத்திக்காக உழுதுபோட்ட நிலம் ஐப்பசி பிறந்த பிறகும் காய்ந்து கிடந்தது. மேகம் கூடும், கறுக்கும், பிறகு கலைந்துபோகும். வேலையில்லாமல் வானத்தைப் பார்த்து நின்றவர்களின் கண்ணில், அதற்குக் கீழே விடாமல் சுற்றிக்கொண்டிருந்த காற்றாடி பட்டது.

ஒரு நாள் காலையில் மூக்காண்டி ஏழெட்டுப் பேரோடு கொட்டகைக்கு வந்தார். அவருக்கே பேசச் சங்கடமாக இருந்தது. பக்கத்துப் புஞ்சைக்காரர் வீரபாண்டிதான் ஆரம்பித்தார்.

“இந்தா பாரு தாயி, இது சுத்துத சுத்துல மேகம் எல்லாம் கலைஞ்சு போவுது. கண்ணால பாக்கோம்லா.”

“அது காத்தச் சுத்தல, அண்ணாச்சி. காத்துதான் அதச் சுத்துது. வண்டி போனா சக்கரம் உருளுத மாதிரி.”

“போன வருசம் இந்தக் கம்பி இருந்துச்சா?”

“இல்ல.”

“போன வருசம் மழ பெஞ்சுச்சா இல்லியா?”

“புளியங்குடியிலயும் இன்னும் மழை இல்ல. அங்கன எந்தக் கம்பி நிக்கி?” என்று கத்தினாள்.

“சத்தம் போடாத” என்றார் மூக்காண்டி மெதுவாக. “எனக்கு ஒம்மேல ஒண்ணும் இல்ல. ஆனா எல்லாவனும் எம்மூஞ்சியப் பாக்கான். இப்பம் எறக்கிரு. மழ விழுந்த பொறவு நட்டுக்கோ, நானே கூட வந்து தூக்குதேன்.”

“மழை விழுதப்பத்தான் அண்ணாச்சி எனக்கு வேணும்! பொறவு நட்டு என்ன செய்ய?”

அவள் இறக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

மறுநாள் வந்தபோது கம்பம் தரையில் கிடந்தது. யாரும் உடைக்கவில்லை. இழுகம்பிகளை முறையாக அவிழ்த்து, நாலைந்து பேர் தாங்கிப் படுக்கவைத்திருந்தார்கள். காற்றாடிகளுக்குச் சாக்குச் சுற்றியிருந்தது. உடைத்திருந்தால் போலீசுக்காவது போயிருப்பாள். இந்தக் கரிசனத்தை வைத்துக்கொண்டு யாரிடம் போய் என்னவென்று சொல்வது? சாக்கைப் பிய்த்து எறிந்தாள். ஒற்றை ஆளாகக் கம்பத்தின் நுனியைத் தூக்கிப் பார்த்தாள். முழங்கால் உயரம்கூட வரவில்லை. வழியில் போனவர்களைக் கூப்பிட்டாள். எல்லாருக்கும் வேறு வேலை இருந்தது.

மம்மது பாய் கடையில் போய் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள்.

“ஞாயித்துக்கிழம தறி லீவுல்லா? ஒங்க அப்பா ஆளுவ ரெண்டு மூணு பேரக் கூட்டிக்கிடுவோம். நானும் வாரேன், நட்டிருவோம்” என்றார் அவர்.

“அதுக்குள்ள மழை வந்துட்டா, பாய்?”

“இத்தன நாளா வராதது இந்த ரெண்டு நாள்லயா வந்துரும்?”

சனிக்கிழமை மத்தியானமே மழை வந்தது. தறிக்கூடத்துக் கூரையில் முதல் துளிகள் கல்லெறிவதுபோல் விழுந்தன. கரண்ட் போய்த் தறிகள் நின்றன. வேலையாட்கள் வாசலுக்கு ஓடிக் கையை நீட்டி மழையைப் பிடித்தார்கள். சங்கரபாண்டியன் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் நூல் மூட்டைமேல் உட்கார்ந்து இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டிருந்தாள்.

மழை வெறித்து நின்றதும் பஸ் பிடித்துக் கரிவலம் போனாள். கரிசல் பிசினாகச் செருப்பைப் பிடித்து இழுத்தது. வெடிப்புகள் மூடிக்கொண்டிருந்தன. அவள் பல மாதம் காத்திருந்த அந்த நேரம், மண்ணிலிருந்து ஆவி கிளம்பும் நேரம், அவள் கண்முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. கம்பம் சேற்றில் கிடந்தது. மூக்காண்டி மகிழ்ச்சியில் நனைந்துபோய் எதிரே வந்தார்.

“எறக்குன ரெண்டாம் நாளு! பாத்தியா தாயி?”

வங்கக் கடலில் நாலு நாளாகவே காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருந்ததை ரேடியோவில் சொன்னார்கள் என்று அவள் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அவர் மனைவி அன்னக்கிளி கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். தங்கத்தாய் டம்ளரை வாங்கி வரப்பில் வைத்துவிட்டுக் கம்பத்தைக் கழற்ற ஆரம்பித்தாள்.

அடுத்த வருஷம் கருவி அவளுக்குக் கிடைக்கவில்லை. வேறொரு மாணவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதற்கடுத்த வருஷமும் கேட்டுப் பார்த்தாள். “இருக்கிறத வச்சு எழுதிரும்மா” என்றார் பேராசிரியர். வறண்ட நிலத்தைப் பற்றி மட்டும் எழுதினாள். உச்சி வெயிலில் கரிசல் எவ்வளவு சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கிறது, மேல்காற்று அதை எப்படிக் கிழித்துக் கலக்குகிறது என்பது வரை அதில் இருந்தது. தேர்வாளர்கள் பாராட்டிவிட்டு, ஈர நிலத்தின் அளவுகளும் இருந்திருக்கலாமே என்றார்கள். எல்லாவற்றுக்கும் உரக்கப் பதில் சொல்கிறவள் அன்று மட்டும் “ஆமா சார்” என்று நிறுத்திக்கொண்டாள். எண்பத்தைந்தில் பட்டம் கிடைத்தது. ஒரு பெண்கள் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே வெப்பமானியைத் தவிர அளக்க ஒன்றுமில்லை.

இரண்டு வருஷம் கழித்து மூக்காண்டி தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வீட்டுக்கு வந்தார். வெற்றிலைத் தட்டை நீட்டினார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்:

“இப்பம்லாம் மழ நல்லாத்தான் பெய்யுது. வேணும்னா அந்தக் கம்பிய நட்டுக்கோ, தாயி. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாவ.”

“இப்பம் எங்கிட்ட கம்பி இல்ல, அண்ணாச்சி” என்றாள் அவள்.

கல்யாணத்தன்று கல்லூரியில் பரீட்சை வேலை இருக்கிறது என்று அப்பாவை மட்டும் அனுப்பினாள். அன்று பரீட்சை எதுவும் இல்லை.