கை நீட்டாத ஞாயிறு

இருபது வயதில் டிர்ஸா ப்ரூயிட்டுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆனால் இரண்டு பிள்ளைகளை வளர்த்து விட்டு, மூன்றாவதை அப்போதுதான் இடுப்பிலிருந்து இறக்கியிருந்தாள். மூன்றில் ஒன்றையும் அவள் பெறவில்லை. பெற்றதெல்லாம் அவள் அம்மா ரோண்டா. பெறுவது அம்மா வேலை, வளர்ப்பது மூத்த பெண் வேலை, இரண்டுக்கும் சேர்த்து ஆண்டவருக்கு நன்றி சொல்வது அப்பா வேலை. அமெரிக்காவில் மிசௌரி மலைக்காட்டில் அந்த வீட்டு வேலை அப்படித்தான் பங்கு பிரிந்திருந்தது.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். டிர்ஸா ஊட்டி வளர்த்ததில் தானாக வளர்ந்தது அவள் அப்பா லைல் ப்ரூயிட்டின் பெயர்தான். சனிக்கிழமைச் சந்தைக்கு நீளமான வேனில் போய், ஒரே துணியில் தைத்த கவுனும் சட்டையுமாகப் பதினோரு பிள்ளைகள் வரிசையாக இறங்கும்போது ஊரே வாயைப் பிளக்கும். "எல்லாம் கர்த்தர் குடுத்தது" என்று லைல் தாடியைத் தடவுவார். துணியை வெட்டியது யார், தைத்தது யார், விடிவதற்குள் அத்தனை தலையையும் வாரிவிட்டது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. அதையும் கர்த்தர்தான் செய்தார் என்று நினைத்திருப்பார்கள் போல.

பள்ளிக்கூடமும் வீட்டுக்குள்ளேயே. பையன்களுக்கு அப்பாவோடு மரப்பட்டறையில் பாடம். பெண்களுக்குச் சமையலறை மேசையில், மாவு பிசைந்த இடத்தைத் துடைத்துவிட்டு. பெண்ணுக்குக் கணக்கு என்பது ரொட்டி அளவை நாலு மடங்காக்கத் தெரியும்வரைதான். அதற்கு மேல் படித்தால் புருஷனை எதிர்த்து வாதாடத் தோன்றுமாம்.

டிர்ஸாவுக்கு வாதாடக் கணக்குத் தேவைப்படவில்லை. நல்ல மனைவி எப்படி இருப்பாள் என்று சொல்லும் வேத அதிகாரத்தைப் பதினான்கு வயதில் தட்டாமல் தடுமாறாமல் ஒப்பித்து முடித்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, இந்தம்மா வயல் வாங்குறா, வியாபாரம் பண்றா, ராத்திரியெல்லாம் நூல் நூற்குறா. இவ பிள்ளைங்களை யாரு பாத்துக்கிட்டா?"

"அவளுக்கு வேலைக்காரிங்க இருந்தாங்க."

"ஓ. அப்ப நம்ம வீட்டுல அது நானா?"

அதற்குத் தண்டனையாக ஒரு வாரம் பாத்திரமெல்லாம் அவளே கழுவ வேண்டும் என்றார் லைல். ஏற்கெனவே அவள்தான் கழுவிக்கொண்டிருந்தாள். தண்டனை எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

அந்த வீட்டில் கையளிப்பு என்று ஒரு வழக்கம் உண்டு. குழந்தை தானாக உட்காரத் தொடங்கியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அதை அம்மாவிடமிருந்து ஒரு மகளுக்கு மாற்றிவிடுவார்கள். ஆராதனை என்றால் தேவாலயமெல்லாம் இல்லை, அவர்கள் வீட்டுக் கூடம்தான். சுற்றுப் பண்ணைகளிலிருந்து நாலைந்து குடும்பங்கள் வரும். லைல் குழந்தையை உயரத் தூக்கி ஜெபம் பண்ணி, "இவனைத் தாங்கப்போறது யார்?" என்று கேட்பார். குறித்துவைத்த மகள் எழுந்து வந்து கையை நீட்டி, "நான்" என்று சொல்ல வேண்டும். அன்றிலிருந்து குழந்தையின் தொட்டில் அவள் அறைக்குப் போய்விடும். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, காய்ச்சலுக்குக் கண்விழிப்பது எல்லாம் அவள் பொறுப்பு. அம்மா அடுத்ததற்குத் தயாராக வேண்டுமே.

இதில் லைல் தானாகவே யோசித்து இரண்டு சட்டம் போட்டிருந்தார். ஒன்று, குழந்தையை மகள் கையில் திணிக்கக் கூடாது, அவளாகவே கை நீட்ட வேண்டும். "எங்க வீட்டுல கட்டாயம்ங்கற பேச்சே கிடையாது. பிள்ளைங்க தானா முன்னால வருவாங்க" என்று விருந்தாளிகளிடம் சொல்லிப் பூரித்துப்போவார். இரண்டாவது சட்டம் டிர்ஸா வளர்த்த மூன்றாவது பிள்ளையான லெம் பிறந்தபிறகு வந்தது. லெம்மை டிர்ஸாவிடம் கொடுத்த அன்று ரோண்டா அழுதுகொண்டே ஓடிவந்து பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். எல்லோர் முன்னாலும் லைலுக்கு முகம் செத்துப்போயிற்று. கலப்பையில் கை வைத்தவள் திரும்பிப் பார்க்கக் கூடாது, கொடுத்த தாய் திரும்ப வாங்கவே கூடாது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. ரோண்டா அதற்கும் தலையாட்டிவிட்டு லெம்மை மறுபடி டிர்ஸாவிடமே கொடுத்தாள்.

இப்போது லெம் தானே ஓடுகிறான், தானே சாப்பிடுகிறான். டிர்ஸாவின் இடுப்பு காலி. அந்த வசந்தத்தில் அவர்கள் ஆட்டுக்குக் குட்டி குறுக்கே விழுந்து பிரசவம் சிக்கலாகிவிட்டது. அப்பாவும் தம்பிகளும் மரம் வெட்டப் போயிருந்தார்கள். மாட்டு டாக்டர் வனெட்டா கோனிக் வந்து சேர்வதற்குள் டிர்ஸா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையை விட்டுக் குட்டியின் தலையைத் திருப்பிப் பிடித்திருந்தாள். மீதியை டாக்டர் பார்த்துக்கொண்டார். கை கழுவும்போது, "எனக்கு உதவிக்கு ஆள் வேணும். வர்றியா? காலையில நானே வண்டியில கூட்டிட்டுப் போறேன், சாயங்காலம் விட்டுடறேன்" என்றார்.

டிர்ஸாவுக்கு அன்றைக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. அவ்வளவு ஆசை. பண்ணை பண்ணையாகப் போகலாம், வேறு மனிதர்களைப் பார்க்கலாம், தன் பெயரை ஒருவர் ஒரு வேலைக்காகக் கூப்பிடுவார். அப்பாவிடம் கேட்டாள். "ஜெபிச்சுட்டுச் சொல்றேன்" என்றார்.

ஒரு வாரம் ஜெபித்தார். காலைப் பலகாரத்துக்கு உட்கார்ந்தபோது பதில் வந்தது.

"கர்த்தர் வழி காட்டிட்டார். வர்ற ஞாயித்துக்கிழமை மைக்காவை உன்கிட்டக் குடுக்கறோம்."

அடுப்படியில் நின்ற ரோண்டா திரும்பிப் பார்த்தாள். "அவன் இன்னும் உக்காரவே இல்லையே, லைல்."

"உக்காந்துடுவான்."

கடைக்குட்டி மைக்கா அப்போது மாவு மூட்டைபோல ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தான். அவசரப்பட்டது கர்த்தரா லைலா என்பது அந்த மேசையில் இருந்த பெரியவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். டிர்ஸா மைக்காவைப் பார்த்தாள். அவள் அவனை வெறுத்திருந்தால் காரியம் எளிதாகியிருக்கும். அவன் அழுகிற தினுசை வைத்தே பசியா வயிற்றுவலியா என்று அவளுக்குத் தெரியும். வாங்கிவிட்டால் கீழே வைக்க அவளுக்கு மனசு வராது. மூன்று வருஷம் போய்விடும். அதற்குள் இன்னொன்று வந்துவிடும். அது அப்பாவுக்கும் தெரியும். அதுதான் அவளுக்கு எரிந்தது.

மறுநாள் கொடியில் துணி காயப்போடும்போது தங்கை கெஸையாவிடம் கேட்டாள். கெஸையாவுக்குப் பன்னிரண்டு வயது. ஒல்லிப் பிள்ளை, ஈரப் போர்வையைத் தூக்கினால் போர்வைதான் அவளைத் தூக்கும்.

"கெஸ், ஞாயித்துக்கிழமை நான் கை நீட்டலைன்னா என்ன ஆகும்?"

"நீ நீட்டாம இருப்பியா என்ன?"

"சும்மா கேக்கறேன், சொல்லேன்."

"நான் நீட்டுவேன். வேற யாரு இருக்கா?" கெஸையா வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்துச் சட்டையில் மாட்டினாள். "குழந்தை பாவம் இல்லையா அக்கா."

அதுவரை டிர்ஸா தன் பாட்டை மட்டும்தான் யோசித்துவைத்திருந்தாள். வேண்டாம் என்றால் வேண்டாம், அவ்வளவுதான் என்று. இப்போது புரிந்தது. தான் நழுவினால் நுகத்தடி நேரே இந்தச் சின்னக் கழுத்தில் போய் உட்காரும். இத்தனை காலமும் அந்த வீடு ஓடியதே இந்தப் பாவம் பார்க்கிற குணத்தை வைத்துத்தான். பெண்களுக்குப் பாவம் பார்க்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, ஆண்கள் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள்.

"நீ நீட்டக் கூடாது" என்றாள்.

"அப்புறம் மைக்கா?"

"அவனுக்கு ஆள் இருக்கு."

ஞாயிறு வந்தது. கூடத்தில் பெஞ்சுகள் போட்டு, ஆண்கள் முன்னாலும் பெண்கள் பின்னாலும் உட்கார்ந்தார்கள். அடுப்படியில் பீன்ஸும் சோள ரொட்டியும் மான்கறியும் மூடிவைத்திருந்தார்கள். பாட்டு முடிந்தது. லைல் ரோண்டாவின் மடியிலிருந்து மைக்காவை எடுத்து உயரத் தூக்கிப் பிடித்து, நீளமாகவே ஜெபம் பண்ணினார். மகள் எப்படித் தகப்பன் கூரைக்குக் கீழே பத்திரமாக இருக்கிறாள், வெளி உலகம் எப்படி ஓநாய்போல வாயைத் திறந்துகொண்டிருக்கிறது என்பதெல்லாம் ஜெபத்தில் வந்தது. கேட்டுக்கொண்டிருந்தது ஆண்டவர் என்றாலும் சொன்னது டிர்ஸாவுக்கு.

"இவனைத் தாங்கப்போறது யார்?"

டிர்ஸா உட்கார்ந்தே இருந்தாள். லைல் சிரித்துக்கொண்டே இன்னொரு தரம் கேட்டார். பிறகு சிரிக்காமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"நான் இல்லப்பா" என்றாள் டிர்ஸா.

முன் பெஞ்சிலிருந்து தம்பி ஜோத்தம் திரும்பினான். பதினெட்டு வயசு, அப்பாவைப்போலவே தாடி விடப் பார்த்து இன்னும் வராதவன். "ஏய், எந்திரி. சாப்பாடு ஆறுது."

"பசிச்சா நீ போய் அவனை வாங்கிக்கோ. உனக்கும் ரெண்டு கை இருக்கு."

"அது பொம்பளை வேலை."

"அப்ப பொம்பளைங்க பேசிக்கறோம். நீ வாயை மூடு."

லைலின் கழுத்து சிவந்தது. "டிர்ஸா, இதுக்குப் பேரு கலகம். கலகத்தை வேதம் என்னன்னு சொல்லுது?"

"சூனியத்துக்குச் சமம்னு சொல்லுது. மனப்பாடமா இருக்கு. ஆனா இந்த வீட்டுல கட்டாயம் கிடையாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. எல்லார்கிட்டயும் சொன்னீங்க. நீட்டினாத்தானே குடுக்கணும். நான் நீட்டலை."

விருந்தாளிகளில் மூத்தவரான எல்ட்ரிட்ஜ் இருமினார். லைல் அதைச் சொல்லி எத்தனையோ முறை பெருமைப்பட்டது அவரிடம்தான். லைல் பெண்கள் பக்கம் பார்வையை ஓட்டினார். "சரி. விருப்பமுள்ள இதயம் வேற யாருக்கு இருக்கு?"

கெஸையா எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது. பழக்கம் அவள் காலைத் தூக்கிவிட்டது. டிர்ஸா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உக்காரு கெஸ்."

"அக்கா, விடு. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். அவன் உன் பிள்ளை இல்ல. என் பிள்ளையும் இல்ல."

"அப்ப யாரு பிள்ளைடி அவன்?" என்று கத்தினார் லைல்.

அத்தனை பேர் கண்ணும் அவர் கையில் இருந்த பிள்ளைமேல் போய் நின்றது. கெஸையா மெதுவாக உட்கார்ந்தாள். உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

லைல் மனைவியைப் பார்த்தார். "ரோண்டா."

ரோண்டாவின் கைகள் மடியில் இருந்தன. பதினோரு பிள்ளை பெற்ற உடம்பு, அன்றைக்குத்தான் முதல் தடவையாக முதுகைப் பெஞ்சில் சாய்த்தது. "குடுத்தவ திரும்ப வாங்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க, லைல்" என்றாள். எப்போதும் பேசுகிற அதே பணிவான குரல். அந்தப் பணிவில் யாராலும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது.

எல்ட்ரிட்ஜ் சட்டென்று ஒரு குட்டி ஜெபத்தைச் சொல்லி ஆராதனையை முடித்துவைத்தார். ஆமென் சொல்லிவிட்டு எல்லோரும் தட்டைத் தேடிப் போனார்கள். லைல் மட்டும் கூடத்தின் நடுவில் பிள்ளையோடு நின்றார். மைக்கா அவர் தாடியைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, பிறகு அழ ஆரம்பித்தான்.

டிர்ஸா தன் இடத்தைவிட்டு அசையவில்லை. "டாக்டருக்குச் சொல்லி அனுப்பிட்டேன். நாளைக்குக் காலையில வண்டி வரும். நான் போறேன்ப்பா."

"என் கூரையைத் தாண்டிப் போனா திரும்ப வர முடியாது."

"சாயங்காலம் வந்துடுவேன். கதவைத் தெறப்பீங்களா மாட்டீங்களான்னு ஜெபிச்சுட்டுச் சொல்லுங்க."

அதற்குள் லைலின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை நெஞ்சிலிருந்து இடுப்புவரை நனைந்துவிட்டது. பிள்ளையைத் தள்ளிப் பிடித்தார், மறுபடி அணைத்தார், இரண்டும் சரியாக வரவில்லை. அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு, யாரிடம் என்றில்லாமல், தரையைப் பார்த்துக் கேட்டார்.

"துணி... எங்க இருக்கு?"

"மாடிப்படிக்குக் கீழ, ரெண்டாவது இழுப்பறையில" என்றாள் டிர்ஸா. "காலை உதைப்பான். ஒரு கையால பிடிச்சுக்கிட்டே கட்டணும். மேசைமேல தனியா விட்டுடாதீங்க, உருண்டுடுவான்."

லைல் போனார். உள்ளேயிருந்து இழுப்பறை இழுபடும் சத்தம், ஏதோ விழும் சத்தம், மைக்காவின் வீறல். அது பசியில்லை, வலியில்லை, ஈரத்தில் கிடக்கிற அழுகை என்று டிர்ஸாவுக்குத் தெரிந்தது. அவள் உடம்பு முழுக்க எழுந்து ஓடத் துடித்தது. பெஞ்சின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் கெஸையா அழுதுகொண்டிருந்தாள். உள்ளே மைக்காவின் அழுகை நிற்க வெகுநேரம் ஆயிற்று. அதுவரை அந்தப் பெஞ்சிலிருந்து ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.