நான் ஏறினால் நின்றுவிடும் வண்டி

என் வீட்டுக்காரர் அந்தப் பழைய மோட்டார் சைக்கிளை மினி லாரியில் ஏற்றி வந்த அன்று, நான் கடையில் ஒருவருக்கு ஒயர் அளந்துகொண்டிருந்தேன். பழனிசெட்டிபட்டியில் எங்களுக்கு எலக்ட்ரிக்கல் கடை. பின்னாலேயே வீடு. போடிமெட்டுப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்து ஷெட்டில் பல வருடங்களாகச் சாய்ந்து கிடந்த வண்டி அது. உயரமான மட்கார்டு, கட்டை கட்டையாகப் பூப்போட்ட டயர். காட்டுப் பாதையில் ஏறுவதற்கென்றே வெளிநாட்டில் செய்தது.

"இதுல எங்க போகப் போறீக?" என்று கேட்டேன்.

"நாமதான் போகப் போறோம். ஒருத்தர் ஒக்கார்ற சீட்டுத்தான் இருக்கு. ஒனக்காக நீட்டச் சொல்லியிருக்கேன்" என்றார்.

ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சர்ச்சுக்குப் போய்வந்ததும் நேராக முற்றத்துக்குத்தான். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார், டேங்கின் துருவை எடுத்தார், சீட்டுக்கு அடியில் இரும்புத் தகடு வைத்து நீளமாக்கி ரெக்சின் போட்டு வாங்கினார். முதல் தடவை கிளம்பி, புகையைக் கக்கிக்கொண்டு படபடவென்று சத்தம் போட்டபோது, அவர் முகத்தில் எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்காத சிரிப்பு.

தனியாகத் தேனி வரை போய்வந்தார். ஒரு குறையும் இல்லை. அடுத்த நாள் நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். வீரபாண்டிக்கு முன்னால் ஒரு வேகத்தடை வந்தது. அதில் ஏறி இறங்கியதும் வண்டி செத்துப்போனது. நான் இறங்கினேன். ஒரே உதையில் கிளம்பியது. ஏறினேன். அடுத்த பள்ளத்தில் மறுபடியும் நின்றது. வீடு திரும்புவதற்குள் எட்டு தடவை இறங்கி ஏறினேன்.

வீட்டில் என் நாத்தனார் காத்திருந்தாள். அடுத்த தெருவில்தான் இருக்கிறாள்; எங்களுக்குள் கேலிக்குக் குறைவே கிடையாது.

"மதினி, அண்ணே தனியாப் போனாகன்னா ஓடுது. நீங்க ஏறுனா நிக்கிது. வண்டிக்கே தெரியுது பாருங்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது.

தேனியில் பழைய வண்டிகளுக்கென்றே இருக்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். எங்கள் வயதுக்காரர்தான். பிளக்கைக் கழற்றி எஞ்சின்மேல் வைத்து, கிக்கரை உதைத்துக் காட்டினார். நீல நிறத்தில் பளிச்சென்று நெருப்புத் தெறித்தது.

"நெருப்பு நல்லா வருதுண்ணே. அதக் குடுக்குற பாயிண்ட்டையும் தேச்சுக் குடுத்துட்டேன். கண்டன்சர் மாத்தியாச்சு" என்றார். தனியாக ஒரு சுற்றுப் போய்வந்து, "பூப்போல ஓடுது" என்றார்.

"நான் ஏறிப் பாக்கட்டுமா?" என்றேன்.

ஏறினேன். கடைக்கு வெளியே சாக்கடைப் பாலத்தில் தட்டியது. நின்றுவிட்டது. மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "அக்கா, தப்பா நெனைக்காதீக. இது ரெண்டு பேருக்குப் பண்ணுன வண்டி இல்ல. பாரம் தாங்கல" என்றார்.

என் வீட்டுக்காரர் அதை ஒத்துக்கொள்ளும் முகத்தோடு நின்றார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. பாரம் தாங்காவிட்டால் எஞ்சின் திணற வேண்டும், இழுக்க வேண்டும். இது அப்படி இல்லை. சுவிட்சை அணைத்த மாதிரி பட்டென்று நிற்கிறது. இருபது வருடம் சுவிட்சும் ஒயரும் விற்றவள் நான். பட்டென்று நிற்பது எனக்குத் தெரிந்த நோய்.

மறுநாள் காலை வீட்டிலிருந்த அரிசிச் சிப்பத்தைப் பின்சீட்டில் கட்டச் சொன்னேன்.

"எதுக்கு?"

"கட்டுங்க, சொல்றேன்."

தெருமுனை வேகத்தடை வரை போனார். சத்தம் நின்றது. அரிசியோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். நாத்தனார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அரிசி ஏறுனாலும் நிக்கிது, பாத்துக்க" என்றேன். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கடையிலிருந்து மீட்டரை எடுத்து வந்தேன். ஒயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்க நாங்கள் வைத்திருப்பது. இரண்டு முனையும் எங்காவது சேர்ந்தால் பீப் என்று கத்தும். எஞ்சினை அணைக்கும் பட்டனுக்குப் போகும் கறுப்பு ஒயரைப் பற்றி அவரிடம் கேட்டேன். "அது வண்டி உடம்புல தொட்டா நெருப்பு நின்னுரும். அதான் பட்டனோட வேலை" என்றார். நம் வீட்டு விளக்குக்கு ஒயர் சேர்ந்தால்தான் எரியும். இங்கே தலைகீழ், சேர்ந்தால் அணையும். அதைக் கேட்டதுமே எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

அந்த ஒயரை எஞ்சின் பக்கம் கழற்றச் சொன்னேன். மீட்டரின் ஒரு முனையை அதில் மாட்டி, இன்னொன்றை வண்டிச் சட்டத்தில் வைத்து அவர் பிடித்துக்கொண்டார். நான் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். சத்தம் இல்லை.

"குதிங்க மதினி" என்றாள் நாத்தனார்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு குதி குதித்தேன். பீப். எழுந்தேன், அமைதி. குதித்தேன், பீப். பிறகு என்னால் நிறுத்தவே முடியவில்லை. நான் குதிக்க, மீட்டர் கத்த, நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, கடைக்கு வந்தவர்கள் இரண்டு பேர் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

சீட்டைக் கழற்றினோம். எனக்காக நீட்டிய தகட்டிலிருந்து ஒரு போல்ட்டின் நுனி கீழே நீண்டிருந்தது. பள்ளத்தில் சீட்டு அமுங்கும்போதெல்லாம் அது அந்தக் கறுப்பு ஒயரின்மேல் போய்க் குத்தியிருக்கிறது. ரப்பர் உறை கிழிந்து, உள்ளே செம்பு மின்னியது. அவர் அந்தப் போல்ட் நுனியை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஒனக்கு வசதியா இருக்கட்டும்னுதானே நீட்டுனேன்" என்றார்.

"தெரியும். போல்ட்ட அறுங்க" என்றேன்.

அறுத்தார். நான் ஒயருக்கு உறை போட்டு, சட்டத்தின் மறுபக்கமாகச் சுற்றிக் கட்டினேன். மெக்கானிக்கிடம் போனில் சொன்னபோது, "அக்கா, வாரத்துக்கு ஒரு நாள் கடைக்கு வந்துட்டுப் போறீகளா?" என்று கேட்டார்.

அந்த வாரக் கடைசியில் உத்தமபாளையம், கம்பம் என்று நிற்காமல் போனோம். காற்று முகத்தில் அறைந்தது. வழி நெடுக வேகத்தடைகளை நான் எண்ணிக்கொண்டே வந்து, முப்பதுக்கு மேல் விட்டுவிட்டேன். சுருளிப்பட்டியில் திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே ஒரு மண்பாதையில் நிறுத்தி, "நீ ஓட்டிப் பாக்குறியா?" என்றார். ஸ்கூட்டி மட்டுமே ஓட்டியிருக்கிறேன். கிளட்சை எப்படி விடுவது என்று காட்டினார். இரண்டு தடவை எஞ்சின் அணைந்துபோனது, மூன்றாவதில் வண்டி கிளம்பியது. அவர் என் பின்னால் உட்கார்ந்து, பள்ளத்துக்குப் பள்ளம் "மெதுவா, மெதுவா" என்றார். பந்தலில் கொத்துகளை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒரு சுற்று முடிந்ததும் அவர், குலுங்கி வலித்த தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். நான் தனியாக இன்னொரு சுற்றுப் போனேன்.