என் முகமும் முதலாளியின் கையும்

நெல்லியடியில் நான் வேலைக்கு நின்ற பலசரக்குக் கடை முதலாளிக்கு முகராசியில் அப்படி ஒரு நம்பிக்கை. "என்ரை முகத்தைப் பாத்தா உப்பும் விலைப்படாது. நீ முன்னுக்கு நிண்டாக் காணும், எல்லாம் விலைப்படும்" என்பார்.

அன்று விடியத் தேயிலைப் பெட்டி ஒன்றை உடைத்தபோது தகர விளிம்பு என் வலது உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. இரத்தம் கொட்டுகிறது, மனுசன் ஓடிவந்து தேயிலையில் பட்டதா என்று பார்த்தார்! பிறகுதான் வேட்டித் துண்டால் கட்டுப் போட்டார்.

முதலில் வந்த அம்மாவுக்கு கடதாசியில் சுற்றிய சீனிச் சரையை இடக்கையால் நீட்டினேன்.

"விடியக் காலமை இடக்கையாலையோ தாறாய்? உன்ரை சீனியும் வேண்டாம், நீயும் வேண்டாம்" என்று போய்விட்டார்.

கோப்பாயிலிருந்து பெண்ணின் தகப்பன், சாமான் வாங்குபவர் போல வந்து அன்றுதான் என்னைப் பார்ப்பதாகத் தரகர் சொல்லியிருந்தார். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் குழம்பியிருந்தது. இதுவும் போனால் எனக்கு வேறு யார் பெண் தரப்போகிறார்கள்?

"விசரா, உதுக்கேன் யோசிக்கிறாய்? முகம் உன்ரை, கை என்ரை" என்றார் முதலாளி. என் கட்டுக் கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி, மேலே சால்வையைப் போர்த்தினார். எனக்குப் பின்னால் பதுங்கி, என் கக்கத்துக்குக் கீழால் தன் வலக்கையை நீட்டினார். நான் சிரித்தேன், அவர் கை சாமான் கொடுத்தது. ஊர்ச்சனமும் பேசாமல் வாங்கிக்கொண்டு போனதே, அதைச் சொல்லுங்கள்!

பிறகு கோப்பாய்க்காரர் வந்தார். கற்பூரம் கேட்டார். முதலாளியின் கை நீட்டியது. மனுசன் கற்பூரத்தை விட்டுவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். நரைத்த மயிர், புகையிலைக் கறை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"தம்பிக்கு முப்பது வயசெண்டெல்லோ தரகர் சொன்னவர்? கை அறுபதெண்டு சொல்லுது."

அறுபது வயதுக் கை மெல்ல நழுவி உள்ளே போய்விட்டது. எல்லாம் முடிந்தது என்று என் கையை முன்னால் கொண்டுவந்து நடந்ததைச் சொன்னேன். கட்டு முழுக்கச் சிவந்திருந்தது.

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "கலியாணத்தண்டு என்ரை பிள்ளையின்ரை கையைப் பிடிக்கேக்கையும் உவர் பின்னாலை நிப்பாரோ?"

பிறகு கட்டைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "சரியா நோகுதோ தம்பி?"

விடிந்ததிலிருந்து அதை ஒருவரும் கேட்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஓம் மாமா" என்றேன். சொன்ன பிறகுதான் வாயில் வந்த முறை உறைத்தது. அவர் அதைத் திருத்தவில்லை.